வெர்மான்ட் அவென்யூ கல் வளைவு, 1982: 35.6 கிலோ மீன் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கரையில் நின்று தூண்டில் போடுகிறவர்களுக்குப் படகுக்காரர்களைப் பார்த்தால் உள்ளுக்குள் ஒரு பொருமல் இருக்கும். பெரிய மீனெல்லாம் ஆழத்தில் இருக்கிறது, அது அவர்கள் பங்கு. நமக்குக் கெளுத்தியும் கிழங்கானும்தான் என்று. அந்தப் பொருமல் தலைதூக்கும்போதெல்லாம் எங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் "அட்லாண்டிக் சிட்டி" என்பார். அதோடு வாய் அடைத்துவிடும். ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற ஒரு இனத்தின் உலக சாதனை மீனையே கடல்சுவர்க் கல்லில் நின்று பிடித்த கதை அது.

இரண்டு வார்த்தையில் முடிகிற அந்தக் கதையை முழுசாக எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததைவிட அதில் வேறு ஒரு விஷயம் பெரிதாகத் தெரிந்தது. அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

அன்று இரவு

1982 செப்டம்பர் 21. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நியூ ஜெர்சி மாநிலம், அட்லாண்டிக் சிட்டி. 1978-ல் முதல் சூதாட்ட விடுதி திறந்ததிலிருந்து இரவெல்லாம் விளக்கெரியும் ஊர். அன்று வடகிழக்கிலிருந்து வாடைப் புயல் அடித்துக்கொண்டிருந்தது. ஆல்பர்ட் மெக்ரெனால்ட்ஸ் என்ற உள்ளூர்க்காரரும் அவருடைய நண்பர் ஒருவரும் வெர்மான்ட் அவென்யூ என்ற தெரு கடலில் முடிகிற இடத்தில் இருந்த கல் வளைவுக்குப் போனார்கள். மண் அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் கல்லைக் கொட்டி நீட்டியிருப்பார்களே, நம் மீனவக் குப்பங்களில் தூண்டில் வளைவு என்பது, அதேதான். அங்கே அதற்கு ஜெட்டி என்று பெயர்.

மொனாபலி விளையாடியவர்களுக்கு அந்தத் தெருப் பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். அமெரிக்கப் பலகையில் வெளிர்நீலக் கட்டத்தில் 100 டாலருக்கு விற்கிற மலிவான தெரு அது. அந்தப் பலகையின் தெருக்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஊர்த் தெருக்கள்தான்.

அலை கல்லைத் தாண்டி அடிக்கிறது. மடவைக் கூட்டத்தைப் பெரிய மீன்கள் கல் ஓரமாக ஒதுக்கி வேட்டையாடுவதைப் பார்த்ததாக மெக்ரெனால்ட்ஸ் பின்னர் சொன்னார். அவர் கையில் ஒரு ஸ்பின்னிங் ராடு, அதாவது நரம்பு சுற்றும் ரீல் பூட்டிய தூண்டில் கோல், 20 பவுண்டு நரம்பு, நுனியில் கருத்த முதுகும் வெள்ளிப் பக்கமும் கொண்ட ரெபெல் மினோ, அதாவது குட்டிமீன் வடிவத்தில் செய்த பிளாஸ்டிக் பொய் இரை. வீசினார். மாட்டியது. 1 மணி 40 நிமிடப் போராட்டத்துக்குப் பிறகு மீன் கரையேறியது.

எடை 78 பவுண்டு 8 அவுன்ஸ். நம் கணக்கில் 35.6 கிலோ. நீளம் 53 அங்குலம், சுற்றளவு 34.5 அங்குலம். இனம் ஸ்ட்ரைப்டு பாஸ். வெள்ளி உடம்பில் தலையிலிருந்து வால்வரை கறுப்புக் கோடு ஏழெட்டு ஓடும். பார்வைக்கு நம்ம கொடுவாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம், கோடு மட்டும்தான் புதுசு. அந்த ஊர்க்காரர்கள் ஸ்ட்ரைப்பர் என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்தச் சமயத்தில் தூண்டில் சாமான் நிறுவனமான அபு கார்சியா, உலக சாதனை மீனுக்குப் பரிசு அறிவித்திருந்தது. ஒரே இரவில் 2,50,000 டாலருக்குத் தகுதியான ஆளாகிவிட்டார் மெக்ரெனால்ட்ஸ்.

ஏன் அந்தக் கல், ஏன் அந்தக் காற்று

அதிர்ஷ்டம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். பெரும்பாலானோர் அப்படித்தான் தள்ளினார்கள். ஆனால் சம்பவத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் அந்த மீனின் பழக்கத்தோடு பொருந்துகிறது.

முதலில் மடவை. கோடை முழுக்க நியூ ஜெர்சியின் பின்கழிகளில், அதாவது கடலுக்குப் பின்னால் இருக்கிற உவர்நீர்ப் பரப்புகளில், குஞ்சு மடவை வளர்கிறது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை அது முகத்துவாரங்கள் வழியாக வெளியே வந்து கரையை ஒட்டியே தெற்கு நோக்கிப் போகும். ஆழத்துக்குப் போகாது, முழங்கால் தண்ணீரில், அலை உடைகிற வரிசைக்கு உள்ளேயே நகரும். அங்கேதான் தனக்குப் பாதுகாப்பு என்று அதற்கு நினைப்பு.

கரையோரமாகவே போகிற கூட்டத்துக்குக் கல் வளைவு ஒரு குறுக்குச் சுவர். தாண்ட முடியாது, நுனிவரை போய்ச் சுற்றித்தான் வரவேண்டும். நுனியில் ஆழம் அதிகம், நீரோட்டம் சுழலும், ஒளிந்து நிற்கக் கல் இடுக்கு உண்டு. வேட்டை மீன் அங்கே நின்றால் போதும், சாப்பாடு தேடி வரும். ஸ்ட்ரைப்பரின் அறிவியல் பெயரில் இரண்டாம் பாதி சாக்ஸாட்டிலிஸ். பாறைகளுக்கு நடுவே வாழ்வது என்று அர்த்தம். நியூ ஜெர்சிக்குத் தெற்கே, மேரிலாந்து மாநிலத்தை ஒட்டிய செசபீக் விரிகுடாப் பக்கம் அதைப் பாறைமீன் என்றே கூப்பிடுகிறார்கள்.

அடுத்தது காற்று. அந்தக் கரை கிழக்குப் பார்த்தது. வடகிழக்குக் காற்று கடலைக் கரைமேல் கொண்டுவந்து குவிக்கும். நீர்மட்டம் உயரும். வழக்கமாக இரண்டடித் தண்ணீர் இருக்கிற இடத்தில் ஆறடி நிற்கும்போது, பெரிய மீனும் கரைவரைக்கும் துணிந்து வரும். நுரையும் கலங்கலும் அதற்குத் திரை. மடவைக்கோ அந்த அலையில் நிலைகொள்ள முடியாது, கூட்டம் கலைந்து கல்லில் மோதும். தடித்த உடம்பும் அகலமான வாலும் உள்ள ஸ்ட்ரைப்பருக்கு அந்தக் கொந்தளிப்பு ஒரு பொருட்டே இல்லை. மற்ற மீன் தடுமாறுகிற தண்ணீரில் தடுமாறாமல் நிற்கிறதே, அதுதான் அதன் பிழைப்பு.

நம் கரையும் கிழக்குப் பார்த்ததுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி முகத்துவாரம் உடைந்து, கழிமுகத்து மடவையும் இறாலும் வெளியே தள்ளப்படும்போது, கொடுவாக்காரர்கள் முட்டுக்காட்டிலும் பழவேற்காட்டிலும் காத்து நிற்பது இதே கணக்கில்தான். வாடை விழுந்ததும் கூட்டம் கல்லுக்குக் கிளம்பும். இனம் வேறு, கடல் வேறு, ஏற்பாடு ஒன்று.

மூன்றாவது இருட்டு. பெரிய ஸ்ட்ரைப்பர் பகலில் அடங்கிக் கிடந்து இரவில் மேயும். வெளிச்சம் குறைந்த தண்ணீரில் நிறமெல்லாம் எடுபடாது; மேலிருந்து வரும் கொஞ்ச வெளிச்சத்தின் எதிரில் தெரிகிற நிழலுருவம்தான் இரை. கருத்த முதுகு மினோ அந்த நேரத்தில் மடவைக்குஞ்சுக்கு நகல். மெதுவாக இழுத்தால் போதும், ஆட்டம் காட்ட வேண்டியதில்லை. எங்கள் ஆட்கள் பலர் ராத்திரியிலும் பகல் வேகத்தில் சுழற்றிவிட்டு மீனே இல்லை என்று திரும்புவார்கள்.

ஒரு துண்டு மட்டும் எனக்கு முதலில் உறுத்தியது. மாதம். பெரிய பெண் ஸ்ட்ரைப்பர்கள் கோடையை நியூ இங்கிலாந்துக் கடல்களில் கழித்துவிட்டுத் தெற்கே இறங்கி வரும். நியூ ஜெர்சியில் அவற்றின் பெருங்கூட்டம் அக்டோபர் பிற்பகுதிக்குப் பிறகுதான். செப்டம்பர் 21 கொஞ்சம் முந்திக்கொண்ட தேதி. ஆனால் மடவை ஓட்டத்தின் உச்சம் செப்டம்பர். அதன் பின்னால் முன்கூட்டியே வருகிற தனி மீன்கள் எப்போதும் உண்டு. பருவத்துக்கு முந்தி வந்த ஒற்றைக் கொடுவா பெரும்பாலும் பெரிசாகத்தான் இருக்கும் என்று நம் ஆட்கள் சொல்வார்களே. உறுத்தல் முழுசாகப் போகவில்லை, ஆனால் தள்ளிவைக்கலாம்.

20 பவுண்டு நரம்பில் 78 பவுண்டு மீன்

நரம்பின் தாங்குதிறன் 9 கிலோ, மீன் 35 கிலோ. இதைக் கேட்டதும் புதியவர்களுக்குப் புருவம் ஏறும். மீனைத் தூக்குவதில்லை, களைக்க வைக்கிறோம், அவ்வளவுதான். ரீலில் டிராக் என்று ஒரு பிடிமானம் உண்டு. குறிப்பிட்ட இழுவைக்கு மேல் மீன் இழுத்தால் நரம்பு தானாக ஓடும். நரம்பின் தாங்குதிறனில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம். 9 கிலோ நரம்பில் அது 2.3 முதல் 3 கிலோ. ஒரு வீட்டுக் குடம் பாதிகூட நிரம்பாத கனம். அந்தக் கனத்தை ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் விடாமல் மீன்மேல் வைத்திருக்க வேண்டும், வாடைப் புயலில், வழுக்குக் கல்லில்.

மீன் தூரமாக ஓடினால் டிராக்கைத் தளர்த்த வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. சுருளில் நரம்பு குறையக் குறைய ரீலின் இழுவை கூடும். தண்ணீருக்குள் வில்லாக வளைந்து கிடக்கும் நரம்பு தன் பங்குக்கு இழுக்கும். 3 கிலோ என்று வைத்தது அங்கே 5 கிலோ ஆகிவிடலாம். அன்று இன்னொரு வசதியும் இல்லை: இன்று நாம் சுற்றுகிற மெல்லிய பின்னல் நூல் அப்போது கிடையாது, எல்லாம் தடித்த நைலான் நரம்பு. ஆனால் நைலான் நீளும். அலை மீனைத் தூக்கி எறிகிற ஒவ்வொரு முறையும் அந்த நீட்சிதான் நரம்பைக் காப்பாற்றியிருக்கும். பின்னல் நூலாக இருந்தால் நிலைத்திருக்குமா என்பது என் சந்தேகம்.

உண்மையான பயம் ஓட்டத்தில் இல்லை, கல்லில் இருக்கிறது. இதை நான் சொந்தச் செலவில் கற்றேன். சில வருஷத்துக்கு முன்னால் வடசென்னைப் பக்கம் ஒரு தூண்டில் வளைவில், பொழுது சாய்கிற நேரம், கொடுவா ஒன்று மாட்டியது. முதல் ஓட்டத்தை நின்று சமாளித்தேன். இரண்டாவது ஓட்டத்தில் அது கடலுக்குப் போகவில்லை, என் கால்மாட்டுக்கே வந்து கல் இடுக்கைச் சுற்றியது. ராடு வழியாக ஒரு கரகரப்பு உள்ளங்கைக்கு வந்தது. தேங்காய் துருவும்போது வருமே, அது மாதிரி. பிறகு கனமே இல்லை. சுற்றி எடுத்துப் பார்த்தால் கடைசி ஒரு முழ நரம்பு வெளுத்து, தொட்டால் சொரசொரவென்று, நுனி பிரிந்து கிடந்தது. முறிந்ததல்ல, சிப்பியில் தேய்ந்து அறுந்தது. எரிச்சலில் கீழ்க்கல்லுக்கு இறங்கினேன், பாசி வழுக்கி முழங்கால் கிழிந்தது.

பக்கத்தில் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "மீனை மாட்டுறது பெருசு இல்ல தம்பி. கல்லு மேல ஏத்துறதுதான். முதல்ல எங்க ஏத்துவேன்னு பார்த்துட்டு அப்புறம் வீசு."

"இருட்டுல அதெல்லாம் எப்படி அண்ணே தெரியும்?"

"அதுக்குத்தான் வெளிச்சம் இருக்கும்போதே வரணும்."

கல் வளைவில் பெரிய மீன் பிடிக்கிற கலை முழுக்க இந்த மூன்று வரியில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். நுனியில் நின்று மாட்டலாம். ஏற்றுவதற்குப் பெரும்பாலும் கல் ஓரமாக நடந்து, அலை தணிந்த பக்கத்துக்கோ மணல் தொடங்குகிற இடத்துக்கோ மீனைக் கூட்டிவர வேண்டும். அலை உள்ளே வரும்போது சுற்று, வெளியே போகும்போது விட்டுக்கொடு. திரும்புகிற அலையோடு மல்லுக்கட்டினால் மீனின் கனத்தோடு கடலின் கனமும் நரம்பில் ஏறும். கடைசி அலைதான் மீனை ஏற்றித் தரும், நம் கை அல்ல. மெக்ரெனால்ட்ஸ் பல வருஷம் நடந்து பழகிய கல் அது. 1 மணி 40 நிமிடம் என்ற நேரத்தைவிட அந்தப் பழக்கம்தான் எனக்குப் பெரிசாகப் படுகிறது.

இருந்தாலும் புயல் இரவில் கல்லில் நிற்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த இரவில் மீன் கிடைத்ததால் கதையானது. அதே மாதிரி இரவுகளில் கல்லில் இருந்து அலை அள்ளிக்கொண்டு போனவர்கள் எல்லாக் கரையிலும் இருக்கிறார்கள்.

நம்பலாமா

பணம் பெரிசு என்றால் சந்தேகமும் பெரிசு. மீன் வலையில் செத்தது, யாரோ கொடுத்தது, கடலில் மிதந்தது என்று விதவிதமான பேச்சு கிளம்பியது. பல வருஷம் ஓயவில்லை. எதற்கும் ஆதாரம் வரவில்லை. உலகத் தூண்டில் சாதனைகளைப் பதிவு செய்கிற சர்வதேச விளையாட்டுமீன் சங்கம் சாதனையை ஏற்றுக்கொண்டது. பரிசும் கைக்கு வந்தது.

அந்தச் சங்கம் 1939-லிருந்து இருக்கிறது. அதன் விதிகள் ஒரு பத்திரப் பதிவு அலுவலகம் மாதிரி. சான்று பெற்ற தராசில் நிலத்தில் வைத்து எடை, மீனோடும் சாமான்களோடும் படம், சாட்சிகள், அதோடு பிடித்த நரம்பிலேயே நுனிப்பக்கம் 50 அடி வெட்டி அனுப்ப வேண்டும். அதை ஆய்வுக்கூடத்தில் அறுத்துப் பார்ப்பார்கள். 20 பவுண்டு என்று சொன்ன நரம்பு 25-ல் அறுந்தால் அந்தப் பிரிவில் இடமில்லை. 25 பவுண்டுக்கு மேற்பட்ட மீன் என்றால் பழைய சாதனையைவிட அரை சதவீதமாவது கூடுதலாக இருந்தால்தான் புதுச் சாதனை; இல்லாவிட்டால் சமன்.

என்னால் இங்கிருந்து செய்ய முடிகிற ஒரே சோதனை பெருக்கல். மீனின் எடையை நாடாவால் மதிப்பிட ஒரு பழைய கணக்கு உண்டு: சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 800-ஆல் வகு. அங்குலத்தில் போட்டால் பவுண்டில் வரும். 34.5 பெருக்கல் 34.5 பெருக்கல் 53, வகுத்தல் 800. விடை 78.85. தராசு காட்டியது 78.5.

முதலில் கூட்டிப் பார்த்தபோது கொஞ்சம் சிலிர்த்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதே கணக்கை, 2011-ல் இந்தச் சாதனையை முறியடித்த மீனுக்குப் போட்டால் 87-க்கு மேல் வருகிறது; தராசில் அது 82 கூட இல்லை. வயிறு புடைத்த மீனுக்குக் கணக்கு கூடுதலாகக் காட்டும். அளவும் எடையும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பதற்கு மேல் இது எதையும் சொல்லாது. மீன் எப்படிச் செத்தது என்பதை நாடா சொல்லாது.

14 மாதத்தில் இரண்டு சாதனை

எழுதும்போது என்னை நிறுத்திய இடம் இது.

ஸ்ட்ரைப்பர் சாதனைப் பட்டியலைப் பாருங்கள். 1913-ல் மாசசூசெட்ஸ் கடலில் சார்லஸ் சர்ச் பிடித்தது 73 பவுண்டு. 68 வருஷம் அதைத் தாண்ட ஆளில்லை. 1981 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் மான்டாக் முனையில் ராபர்ட் ரொக்கெட்டா 76 பவுண்டு பிடித்தார். 14 மாதத்தில் மெக்ரெனால்ட்ஸின் 78.5. அறுபத்தெட்டு வருஷம் அசையாதது ஒன்றேகால் வருஷத்துக்குள் இரண்டு முறை உடைகிறது. மீன் பெருகிவிட்டது என்றுதானே தோன்றும்?

தலைகீழ். அந்த மீன் இனம் அப்போது சரிந்துகொண்டிருந்தது. அட்லாண்டிக் கரையில் வணிகப் பிடிப்பு 1973-ல் ஏறக்குறைய 1.5 கோடி பவுண்டு. 1983-ல் 35 லட்சம். பத்து வருஷத்தில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே.

காரணம் செசபீக் விரிகுடாவில் இருந்தது. அந்தக் கரையோர ஸ்ட்ரைப்பர்களில் பெரும்பகுதி பிறப்பது அதன் ஆறுகளில்தான். 1970-ல் அங்கே மிகப் பெரிய குஞ்சுக்கூட்டம் பிறந்தது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் பிறப்பு படுத்துவிட்டது. ஒரு பக்கம் ஆற்று நீரின் தரம், இன்னொரு பக்கம் பிறந்த கூட்டத்தையும் வளரும் முன்னே வாரிக்கொண்ட வலையும் தூண்டிலும். புதுசு வரவில்லை. பழசு மட்டும் இருந்தது.

ஸ்ட்ரைப்பர் முப்பது வயது வரை வாழும். பெரிய மீன் அத்தனையும் பெண். ஆண் அந்த அளவுக்கு வளர்வதில்லை. (கொடுவாவில் கதை வேறு. அது ஆணாக முதிர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறும். முடிவு ஒன்றுதான்: பெரிய மீன் என்றால் தாய்மீன்.) 1970-ல் பிறந்த மீனுக்கு 1982-ல் 12 வயது, 78 பவுண்டுக்கு அது போதாது. மெக்ரெனால்ட்ஸின் மீன் அதற்கும் முந்தைய, நல்ல காலத்துப் பிறவி. இருபது வயதுக்குக் குறைவாக இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

ஆக, சின்ன மீன்கள் இல்லாத கடலில் முதிய பெண் மீன்கள் மட்டும் மிச்சம் நின்றன. கல்லுக்கு வந்த கூட்டம் சிறிது. வந்தவை ஒவ்வொன்றும் பெரிது. கரையில் நின்றவர்களுக்கு அது பொற்காலமாகத் தெரிந்திருக்கும். வயசாளிகள் மட்டும் இருக்கிற கிராமத்துக்குப் போய், இந்த ஊரில் எல்லோருக்கும் ஆயுசு கெட்டி என்று வியக்கிற மாதிரி.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு. பரிசுத் தொகை இருந்ததால் அந்த வருஷங்களில் கூடுதல் பேர் பெரிய மீனையே குறிவைத்தார்கள், பிடித்ததைச் சமையலுக்கு அனுப்பாமல் தராசுக்குக் கொண்டுவந்தார்கள். அதனாலும் சாதனை உடைந்திருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன். 78 பவுண்டைவிடப் பெரியவை அதற்கு முன்னால் இல்லாமலும் இல்லை: 1891-ல் வட கரோலினாவின் ஈடன்டனில் 125 பவுண்டு ஸ்ட்ரைப்பர்கள் இழுவலையில் ஏறியதாகப் பதிவு இருக்கிறது. நம் கரைவலை மாதிரி ஒரு வலை. தூண்டில்காரர்களின் பட்டியலில் அதற்கெல்லாம் இடமில்லை. ஆனாலும் 1981, 1982 என்ற இரண்டு தேதிகளையும் சரிவின் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தால், தற்செயல் என்று விட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து நடந்தது வேகமாக நடந்தது. 1984-ல் ஸ்ட்ரைப்பருக்கென்றே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. உடன்படாத மாநிலத்தில் மத்திய அரசே பிடிப்பை நிறுத்தலாம். 1985 ஜனவரி 1 முதல் மேரிலாந்து முழுத் தடை போட்டது, 1990 வரை. பெருமைக்குரிய மாநில மீனையே ஐந்து வருஷம் தொடக் கூடாது என்று சொல்லிக் கடைப்பிடிக்கவும் வைத்தார்கள். நம் 61 நாள் தடைக்கே எவ்வளவு பேச்சு என்று நமக்குத் தெரியும். பலன் வந்தது. 1995-ல் இனம் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள்.

மெக்ரெனால்ட்ஸின் சாதனை 29 வருஷம் நின்றது. 2011 ஆகஸ்டில் கனெக்டிகட் மாநிலக் கடலில், படகிலிருந்து, உயிருள்ள விலாங்கை இரையாகப் போட்டு கிரெக் மையர்சன் 81.88 பவுண்டு பிடித்தார். படகுக்காரர்கள் சாதனையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தேதியும் எங்கே விழுகிறது என்று பார்த்தேன். மீண்ட கூட்டம் 2000-களின் தொடக்கத்தில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கிக்கொண்டிருந்த காலம். 2019-ல் மதிப்பீடு வந்தது: அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு இருப்பு குறைந்துவிட்டது என்று.

இன்று மாட்டினால்

இப்போது விதி இறுகியிருக்கிறது. 2020-ல் கடல் ஓரத்தில் 28 முதல் 35 அங்குலம் வரை உள்ள மீனை மட்டும், ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2021-லிருந்து இரை கோத்துப் பிடித்தால் வட்டமுள்தான் போட வேண்டும். அது தொண்டைக்குள் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும், விடுவிக்கிற மீன் பிழைக்கும். 2023 மே மாதம் அவசர ஆணையாக மேல் எல்லையை 31 அங்குலமாக்கினார்கள். மூன்று அங்குல இடைவெளி, ஏறக்குறைய ஒன்றரைத் தீப்பெட்டி நீளம். அதே 2023-ல் மேரிலாந்து எடுத்த குஞ்சுக் கணக்கெடுப்பில் குறியீடு, அதாவது ஒரு வலை இழுப்புக்குச் சராசரியாகக் கிடைத்த குஞ்சு, 1.0. நீண்டகாலச் சராசரி 11.

நம் ஊரில் குறைந்தபட்ச அளவு என்றால் புரியும்; குஞ்சைப் பிடிக்காதே என்பது. மேல் எல்லை என்றால் என்ன வேடிக்கை, பெரிசைப் பிடிக்கத்தானே வந்தோம் என்பார்கள். காரணம் முட்டை. 6 வயதுப் பெண் ஸ்ட்ரைப்பர் ஒரு பருவத்தில் 5 லட்சம் முட்டை இடும், 15 வயது மீன் 30 லட்சத்துக்கு மேல். கூடையில் போகிற அந்த ஒரு மீன், ஆற்றுக்குத் திரும்பாத ஆறு மீன்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வெர்மான்ட் அவென்யூக் கல்லில் இன்று இரவு ஒருவர் மையர்சனின் மீனையும் மிஞ்சுகிற ஒன்றைப் பிடித்தாலும் அதைத் தராசுக்கு எடுத்துப் போக முடியாது. எல்லை தாண்டிய மீனைக் கையில் வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. சட்டத்துக்குப் புறம்பான மீனைச் சங்கம் பதியாது. அதற்காகவே சங்கம் 2011-லிருந்து நீளச் சாதனை என்று தனிப் பட்டியல் வைத்திருக்கிறது: சங்கத்தின் அளவுப்பலகையில் கிடத்திப் படம் எடுத்து, உயிரோடு விட்டுவிட வேண்டும். எடைச் சாதனையைப் பொறுத்தவரை அந்தக் கரையில் கதவு ஏறக்குறைய சாத்தியாகிவிட்டது.

எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவருக்குக் கோபம் வந்தது. அவ்வளவு பெரிய மீனை எவன் நம்புவான் என்று கேட்டார். மெக்ரெனால்ட்ஸ் தராசில் வைத்துக் காட்டியும் நம்பாதவர்கள் இருந்தார்கள் என்றேன். அவர் கேட்ட அடுத்த கேள்வி நடைமுறைக் கேள்வி: சரி, விடுவதற்கு முன்னால் என்ன செய்யலாம்?

அலை தணிந்த பக்கம், மீன் தண்ணீரிலேயே கிடக்க, குறட்டால் முள்ளை எடுக்கலாம். தையல்காரர் நாடா ஒன்று சட்டைப் பையில் இருந்தால் மூக்கிலிருந்து வால்வரை ஒன்று, முதுகுத் துடுப்புக்கு முன்னால் வயிற்றைச் சுற்றி ஒன்று, பத்து நொடியில் எடுத்துவிடலாம். கீழுதட்டைப் பிடித்து அலைக்கு எதிராக நிறுத்தினால் செவுள் வழியாகத் தண்ணீர் ஓடும். வால் ஒரு முறை உதைத்ததும் கையை எடுத்துவிட வேண்டும். பிறகு கல்லில் உட்கார்ந்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 800-ஆல் வகுத்துக்கொள்ளலாம்.